குறை சொல்லிப் பழகிய வாய்

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மதியம் கடைக்கு வந்தது. நாலே வரி. மாதக் கடைசியில் மெட்ராஸ் பதிவு அலுவலகத்தில் உனக்கும் மாலதிக்கும் கல்யாணம். 'உங்களுக்கு அவளைப் பிடிக்கவில்லை என்று தெரிந்துவிட்டது. அதனால் நீங்கள் மெனக்கெட்டு வர வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.' பேச்சில் அம்மாவை ஒருநாளும் 'நீங்கள்' என்று சொல்லாத பிள்ளை, கடிதத்தில் மூன்று இடத்தில் சொல்லியிருக்கிறாய்.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன் என்று நினைக்காதே. அப்போது ஒரு லாரி சுக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மழை வேறு. கடைசி மூட்டை உள்ளே போகும்வரை நின்று பார்த்துவிட்டு, கைகழுவி, சாயா குடித்துவிட்டுத்தான் மறுபடி எடுத்துப் படித்தேன். நீ என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாய். அப்படிப் புரிந்துகொள்ளும்படி உன்னை வளர்த்ததும் நான்தான். இரண்டையும் சேர்த்தே இதில் எழுதப்போகிறேன். நீளமாக இருக்கும், இருக்கட்டும். உறையின் மேல் உங்கள் இருவர் பெயரையும் போட்டிருக்கிறேன், அவளும் படிக்க வேண்டும். கல்யாணப் பேச்சை விட்டுவிட்டு இவள் ஏன் சினிமாவையும் புத்தகத்தையும் பற்றி எழுதுகிறாள் என்று பாதியில் எரிச்சல் வரும். நமக்குள் பிசகியது அங்கேதான். அங்கிருந்து தொடங்கினால்தான் சரியாகும்.

முதலில், நீ மாலதியை இங்கே அழைத்து வந்தபோது நாம் மூன்று பேரும் எர்ணாகுளத்தில் மேட்னி பார்த்தோமே, அந்தப் படம். குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போன பெண் ஏழு வருஷம் கழித்து வீட்டுக்கு வருகிறாள். கூடத்தின் நடுவில் அவள் பெட்டியை இறக்கி வைக்கிறார்கள். அரை மணி நேரத்துக்கு அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லை. அண்ணன் வருகிறான், அண்ணி வருகிறாள், பக்கத்து வீட்டு மாஸ்டர் வருகிறார். பேசுவதெல்லாம் அந்தப் பெண்ணிடம், பார்ப்பதெல்லாம் பெட்டியை. அவளைப் போகவேண்டாம் என்று தடுத்து, அவள் போனதிலிருந்து ஒரு வார்த்தை பேசாத அம்மா மட்டும் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிணற்றடியில் மத்தி மீன் கழுவுகிறாள். எனக்கு அந்த இடம் அப்படியே பிடித்துப்போனது. கட்டிய மூட்டைக்கு முன்னால் நிற்கிற மனிதர்களின் முகத்தை இருபது வருஷமாகப் பார்க்கிறவள் நான். அந்த முகங்களைப் படம் எடுத்தவர்கள் எங்கே பிடித்தார்களோ தெரியவில்லை, அப்படியே இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன்னிடம் இதை நான் சொன்னேனா? இல்லை. "நாற்காலியில மூட்டைப்பூச்சி" என்றேன்.

வெளியே வந்து சாயாக்கடையில் உட்கார்ந்தோம். நீ வழக்கம்போல "நல்லாதாம்மா இருந்தது" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தாய். மாலதி சும்மா இருக்கவில்லை. கடைசிக் காட்சியில் அந்த அம்மா ஊர் முழுக்கக் கூடி நிற்க மகளிடம் மன்னிப்புக் கேட்கிறாளே, அது பொய் என்றாள்.

"ஏழு வருஷம் பேசாத பொம்பளை ஏழு நிமிஷம் வசனம் பேசுவாளா? அந்தம்மா மீன் கழுவினப்பவே எல்லாம் சொல்லியாச்சும்மா. அதோட விட்டிருக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. "நீ ஒண்ணைப் பெத்து வளர்த்துப் பாரு, அப்புறம் பேசு" என்றேன்.

அவள் பன்னைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "பெத்தவங்களுக்குத்தான் புரியும்னா அதை டிக்கெட்லயே அச்சடிச்சிருக்கணும். நான் வேற படத்துக்குப் போயிருப்பேன்."

சாயாக்கடைச் சேட்டனே சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. நீ டம்ளரை இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்றினாய். மட்டாஞ்சேரிக்குப் படகில் திரும்பி வரும்போது அவள் முனையில் போய் சாரலில் நின்றுகொண்டிருந்தாள். நீ என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாய்: "எப்படிம்மா இருக்கா?"

நான் சொன்னது உனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. "வாய் நீளம். நடக்கிறாளா ஓடுறாளான்னு தெரியல. சேலையை ஒழுங்கா கட்டத் தெரியாம பத்து ஊக்கு குத்தி வச்சிருக்கா." நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு வெலிங்டன் தீவில் நின்ற கப்பலைப் பார்க்க ஆரம்பித்தாய். மட்டாஞ்சேரி வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை. மறுநாள் ரயிலேறிவிட்டீர்கள். அடுத்து வந்தது இந்த நாலு வரி.

இப்போது நான் சொல்லப்போகிறதை ஹம்சாக்காவிடம் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் உனக்குச் சொல்லியிருப்பார். மாலதிக்காகச் சொல்கிறேன்: அவர் நம் கடைக்கு மிளகு கொண்டுவருகிற தரகர், இங்கே 'இக்கா' என்றால் அண்ணன். அவர் சாம்பிள் பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் வைப்பார். நான் நாலு மணியைக் கையில் எடுத்து உருட்டிவிட்டு, "ஈரம் போகல. காம்பு கிடக்கு. பாதி பொக்கு" என்பேன். உடனே அவர் முகம் மலர்ந்து, பெஞ்சில் வசதியாகச் சாய்ந்துகொண்டு எனக்கும் சேர்த்து சாயா சொல்லுவார். சரக்கு எனக்குப் பிடித்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். பிடிக்காத சரக்குக்கு நான் "நல்ல மிளகு, இக்கா" என்பேன். பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். "நல்லதுன்னு சொல்லிட்டீங்களே, இனி நான் இங்க இருந்து எந்து காரியம்?" என்பார். பஜார் ரோட்டில் வாங்குகிறவர்கள் எல்லோருமே இப்படித்தான். வேண்டியதைப் பழிக்க வேண்டும், வேண்டாததை மரியாதையாகப் பாராட்டி அனுப்ப வேண்டும். முகத்தில் ஆசை தெரிந்தால் விலை ஏறும். தனியாகக் கடை நடத்துகிற பொம்பளையின் முகத்தில் தெரிந்தால் இன்னும் ஏறும்.

உன் அப்பா இறந்தபோது உனக்கு நாலு வயது. கிடங்கில் சுக்குப் பொறுக்கப் போனேன். பிறகு தரையில் சிந்தின மிளகைக் கூட்டி வாங்கி, புடைத்து விற்றேன். அப்புறம்தான் கடை. இந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் அத்தனையும் செய்தேன், அதற்காக வெட்கப்படவில்லை. வெட்கப்படுவது ஒன்றுக்குத்தான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய நான், அந்த முகத்தைக் கழற்றவில்லை. உன்னைக் கடைப் பக்கமே விடவும் இல்லை. படிக்கிற பிள்ளை மிளகுத் தூசியில் தும்மிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். அதனால் என்ன ஆனது? குறை சொல்கிற என் வாய் உனக்குத் தெரியும், அது எதற்காகக் குறை சொல்கிறது என்பது தெரியாது. நீ வரைந்த படம், உன் மார்க்கு, உன் சிநேகிதர்கள், எல்லாவற்றுக்கும் "ஈரம் போகல" என்ற ரீதியில்தான் பதில் சொல்லியிருக்கிறேன். பிடிக்கப் பிடிக்கக் குறை கூடியது.

நீ பள்ளி முடித்து பிரீடிகிரி முதல் வருஷம் படிக்கும்போது லைப்ரரியிலிருந்து ஒரு மலையாள நாவலைக் கொண்டுவந்தாய். எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வீட்டில் சுக்குத் தோல் சீவிக்கொண்டிருக்க, நீ சுவரில் சாய்ந்துகொண்டு எனக்கு வாசித்துக் காட்டினாய். பதினோரு ஞாயிறு. மூடிப்போன ஓட்டுக் கம்பெனியின் தொழிலாளி ஒருவன், அது மூடிவிட்டதை வீட்டில் சொல்லாமல், தினமும் அதே நேரத்துக்குக் கிளம்பிப் போய்ப் பூட்டிய கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து சோறு தின்றுவிட்டு வருகிறான். அவன் பெண்சாதிக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் மறுநாளும் சோறு கட்டிக் கொடுக்கிறாள், அன்றைக்கு ஒரு முட்டை சேர்த்து வைக்கிறாள். அந்த முட்டை வந்த இடத்தில் நீ வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். நான் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் என் கண்ணை நீ பார்த்துவிடுவாய்.

கடைசி ஞாயிறு புத்தகம் முடிந்தது. முதலாளி மனம் மாறிக் கம்பெனியைத் திறக்கிறான், எல்லோரும் சங்கு ஊதும் சத்தம் கேட்டு ஓடுகிறார்கள். "எப்படிம்மா?" என்று கேட்டாய். உன் குரலில் இருந்த ஆவலை இப்போதும் கேட்க முடிகிறது. நான் சொன்னேன்: "கடைசி மூட்டையில கல்லு. எழுதினவன் எடை கூட்டியிருக்கான்."

"உனக்கு எதுவுமே பிடிக்காதும்மா" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பையில் வைத்தாய். அதோடு சரி. அன்றிலிருந்து நீ எனக்கு எதையும் வாசித்துக் காட்டவில்லை. எந்தப் படம் பார்த்தாலும், எதைப் படித்தாலும் "நல்லாருந்தது" என்ற ஒரே பதில். மெட்ராஸ் போனபிறகு வந்த கடிதங்களிலும் அதேதான். உன் மேலும் தப்பு இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். எதைக் காட்டினாலும் நல்லாருக்கு என்கிறவன் எதையும் வாங்கப்போகிறவன் இல்லை. நீ என்னிடம் எதையும் வாங்குவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை என்று கடையை மூடிவிட்டாய். ஆனால் முதலில் கதவைச் சாத்தியது நான்.

அந்த நாவலின் முடிவைப் பற்றி நான் சொன்னதை இன்றைக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். அந்தக் கடைசி அத்தியாயம் வேண்டாத சுமை. ஆனால் பத்து ஞாயிற்றுக்கிழமை நான் எதற்காக அந்த மத்தியானம் வரக் காத்திருந்தேன் என்பதைச் சொல்லாமல், பதினோராவது ஞாயிறின் குறையை மட்டும் சொன்னேன் பார், அது அநியாயம். இன்னொன்றும் உனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நான் மலையாளம் படிக்கக் கற்றுக்கொண்டேன். பக்கத்துத் தையல் கடை ரோஸி சேச்சிதான் சொல்லிக்கொடுத்தாள். சினிமா போஸ்டர், படகுத்துறைப் பலகை, அரிசி மூட்டையின் மேலிருக்கும் எழுத்து என்று கூட்டிக் கூட்டிப் படித்தேன். இரண்டு வருஷம் ஆனது. "மகன் வாசிச்சதைக் கேட்டுட்டு, கொள்ளாம், நல்லாருக்குன்னு ஒரு வாக்கு சொல்லியிருந்தா போதுமல்லோ. இந்த வயசுல இந்தப் பாடு வேணுமா?" என்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். நான் அடுத்த எழுத்தைக் கூட்டினேன். அந்த நாவலை வாங்கி, நானே முழுக்கப் படித்தேன். முட்டை வருகிற பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்ததில் அந்தத் தாள் தனியாக வந்துவிட்டது.

இப்போது மாலதி விட்டுப்போன புத்தகத்துக்கு வருகிறேன். நீங்கள் கிளம்பிய பிறகு பாயைச் சுருட்டும்போது ஒரு தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பு கிடைத்தது. மறந்துவிட்டுப் போனாளா, வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனாளா என்று கேட்டுச் சொல். ஓரமெல்லாம் பென்சில். ஒரு இடத்தில் "சும்மா", ஒரு இடத்தில் "இப்படி யாரும் பேசமாட்டார்கள்", ஒரு இடத்தில் "அய்யோ!". எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஒரு டைப்பிஸ்ட் பெண்ணின் கதை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் பஸ் ஏறி, கடைசி நிறுத்தம்வரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வருகிறாள். ஜன்னல் ஓரத்து இருக்கை கிடைக்கிறது என்பதற்காக, அவ்வளவுதான். ஏன் என்று கேட்கிறவர்களிடம் காரணம் சொல்வதில்லை. கதையில் வேறு எதுவும் நடக்கவில்லை. முன்னாலெல்லாம் "சரக்கே இல்லை" என்று தள்ளியிருப்பேன். இந்தத் தடவை என்னை நானே பிடித்து நிறுத்தி, ஏன் பிடித்தது என்று யோசித்தேன். என் வாழ்க்கையில் காரணம் இல்லாமல் நான் ஏறிய பஸ் ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண்ணைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது, அந்தப் பொறாமை சுகமாகவும் இருந்தது. மாலதி அங்கே "காரணம் சொல்லாமல் விட்டது சபாஷ்" என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே நான் என் பென்சிலால் "சரி" என்று எழுதி வைத்திருக்கிறேன். புத்தகத்தைக் கெடுத்துவிட்டதாக அவள் நினைக்க மாட்டாள் என்று நம்புகிறேன்.

நேற்று அந்த நர்ஸ் படத்தை மறுபடி போய்ப் பார்த்தேன். ரோஸி சேச்சியையும் இழுத்துக்கொண்டு போனேன். ஒரே படத்துக்கு இரண்டாம் தடவை டிக்கெட் எடுக்கிற ஆள் நான் இல்லை என்பதால் அவள் படகிலேயே சந்தேகப்பட்டு, "உள்ளது சொல்லு, ஆரைக் காணப் போறே?" என்று துளைத்துவிட்டாள். மாலதி சொன்ன கடைசிக் காட்சியைப் பார்க்கத்தான் போனேன். கவனமாகப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. மீன் கழுவுகிற இடத்திலேயே அந்த அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். அதற்கு மேல் வருவது படம் எடுத்தவன் நம்மை நம்பாமல் கூட்டிய எடை. ஓட்டுக் கம்பெனி நாவலில் நான் உன்னிடம் சொன்ன அதே குறை, தம்பி! என் கண்ணுக்கு இது முதல் தடவை ஏன் தெரியவில்லை? நானும் ஒரு அம்மா. அப்படி ஒரு கடைசிக் காட்சி எனக்கும் வேண்டியிருந்தது. எல்லோரும் பார்க்க ஒரு ஏழு நிமிஷம் பேசி எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்ற ஆசை. இந்தக் கடிதமும் அதே ஏழு நிமிஷம்தான் என்று மாலதி சொல்லுவாள். சொல்லட்டும். ஆனால் ரோஸி சேச்சி கைக்குட்டை நனைய அழுதாள், அதையும் சொல்லிவிட வேண்டும். அழுதவளைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

என் பேச்சை எதிர்த்து, காரணத்தோடு, முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை சொன்ன ஆளை நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. தரகர்களுக்கு என்னிடம் காரியம் ஆக வேண்டும், வேலைக்காரர்களுக்குப் பயம், உனக்கு அலுப்பு. ஒரு நாள் பழக்கத்தில் ஒரு பெண் சாயாக்கடையில் உட்கார்ந்து என்னோடு சண்டை போட்டாள். மறுநாள் ரயிலில் ஏறும்போதும், "போயிட்டு வரேம்மா. அந்த முடிவு தப்புதான், நான் மாத்திக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினாள். நீளம் என்று நான் சொன்ன வாய் அதுதான். அந்த வாய் உனக்கு வேண்டும். நீ எதையும் மனசிலேயே வைத்துப் புழுங்குகிறவன், அவள் உன்னை விடமாட்டாள். நடையும் எனக்குப் பிடித்திருந்தது. படகிலிருந்து பலகையில் கால் வைக்கும்போது அவள் யார் கையையும் தேடவில்லை, ஆனால் எனக்குக் கை நீட்டினாள். ஊக்கு விஷயம் மட்டும் உண்மையாகவே குறைதான். அதை நான் சொல்லிக்கொடுத்துச் சரிசெய்துவிடுவேன், அவளுக்கு இஷ்டம் இருந்தால்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். அவளிடம் நீ "நல்லாருக்கு" என்று ஒற்றை வார்த்தையில் முடிக்காதே. அன்றைக்குச் சாயாக்கடையில் அவள் உன் முகத்தைப் பார்த்தாள், நீ ஏதாவது சொல்லுவாய் என்று. நான் கவனித்தேன். ஒரு படம் பார்த்தால் எந்த இடம் பிடித்தது, எங்கே தூங்கினாய், எங்கே அழுகை வந்தது என்று சொல். அவள் சமைத்ததற்கும் அப்படியே சொல். பிடித்ததை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் குறைக்குப் போ. இதை நான் நாற்பத்தொன்பது வயதில் கற்றுக்கொண்டிருக்கிறேன். நீ இருபத்தாறில் தொடங்கு. எனக்கும் எழுது. நீ கடைசியாகப் படித்தது என்ன, அதில் எது உன்னைப் பிடித்து உட்காரவைத்தது என்று. நான் குறை சொன்னால் எதிர்த்துச் சண்டை போடு. பயந்துபோய் மூடிக்கொள்ளாதே.

இனி கல்யாணம். எனக்கு மாலதியைப் பிடித்திருக்கிறது. இதை எழுதும்போது யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டேன், அவ்வளவு பழக்கம். யாரும் இல்லை. இருந்தாலும் எழுதியிருப்பேன்.

வர வேண்டாம் என்று நீ எழுதிய பிறகு கூப்பிடாமல் வந்து நிற்க மாட்டேன். ஆனால் வக்கீல் ஆபீசில் போய் விசாரித்துவிட்டேன். பதிவுக் கல்யாணத்துக்கு மூன்று பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். பெற்றவளும் போடலாமா என்று கேட்டேன், தாராளமாகப் போடலாம் என்றார். உன் ஆபீஸ் சிநேகிதர்கள் இரண்டு பேர் போதும். மூன்றாவது இடத்தை நிரப்பாமல் வைத்திருங்கள்.

அம்மா